மூன்று பேருக்கு ஒரு கை

மருந்துக் கடை எந்திரம் மூன்றாவது தடவையும் நவநீதனை ஏற்றுக்கொள்ளவில்லை. "மன்னிக்கவும், நீங்கள் நவநீதன் இல்லை" என்று பணிவாகச் சொன்னது. அந்தப் பணிவுதான் அவனுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

மகளுக்கு இன்ஹேலர் வாங்க வந்திருந்தான். எந்திரம் கேட்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. விசைப்பலகையில் ஏதாவது ஒரு வரி அடித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். என்ன அடிக்கிறோம் என்பதைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. எப்படி அடிக்கிறோம், எந்த விரல் தயங்குகிறது, எந்த எழுத்துக்கு முன்னால் கை நிற்கிறது என்றுதான் பார்க்கும். முகம், குரல், ரேகை எல்லாவற்றையும் எவன் வேண்டுமானாலும் போலியாகச் செய்யலாம் என்று ஆகிப்போன பிறகு அரசாங்கம் கண்டுபிடித்த வழி இது. கைநடை என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். மக்கள் அதைக் கை என்று சுருக்கிவிட்டார்கள். வங்கி, ஆஸ்பத்திரி, ரேஷன், வீட்டுப் பூட்டு எல்லாம் இப்போது கைக்குத்தான் திறக்கும். ஊரில் உள்ள அத்தனை பேரின் கையும் கைமையம் என்ற ஒரே இடத்தில் பதிவாகியிருக்கும்.

"கை மாறிப்போச்சாட்ட இருக்குதுங் சார்" என்றார் கடைக்காரர். "மையத்துல போய்ப் புதுப்பிச்சுட்டு வாங்க. வயசானா மாறுமுங்."

நவநீதனுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட ஆரம்பித்திருந்தார்கள். வெறுங்கையோடு வெளியே வந்தான். போன வாரம் வங்கியிலும் இதே கதைதான். வீட்டுப் பூட்டும் கொஞ்ச நாளாக அவனை வாசலில் நிற்கவைத்துவிட்டுத்தான் திறக்கிறது. ஒவ்வொரு தடவையும் விசைப்பலகையைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவான். இன்றைக்குத் திட்ட வரவில்லை.

சரவணம்பட்டியில் அவன் வேலை பார்த்த கம்பெனியின் முக்கியமான சொத்து சரவணம்பட்டியில் இல்லை. வட ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர்ந்த ஊரில் ஓடிக்கொண்டிருந்த கிளவுட் டெஸ்க்டாப் அது. இங்கே மேசைமேல் இருந்த திரை அதை எட்டிப் பார்க்கும் ஜன்னல் மட்டும்தான். துறைமுகங்களுக்கு மென்பொருள் வாங்கும் வாடிக்கையாளர் கொடுத்தது. வேலை முழுவதையும் அதற்குள்ளேயே செய்ய வேண்டும், ஒரு வரியைக்கூட வெளியே எடுக்க முடியாது. ஒரு டெஸ்க்டாப்புக்கு ஒரே ஆள் என்பது ஒப்பந்தம். அந்த ஒரே ஆளாக நவநீதனின் கை பதிவாகியிருந்தது.

ஆனால் வேலையோ மூன்று ஆள் வேலை. முதலாளி திருமூர்த்தி இன்னும் இரண்டு டெஸ்க்டாப் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை என்றதும், ஒரு டிக்கெட்டில் மூன்று பேரை ஏற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றிவிட்டது அவருக்கு. மெஹருன்னிசாவையும் ஜெரால்டையும் வேலைக்கு எடுத்தார். காலையில் அவள், மதியம் நவநீதன், மாலையில் ஜெரால்டு என்று முறை வைத்தார். டெஸ்க்டாப் அசந்து மறந்துகூடக் கண்ணை எடுக்காது, அடிக்கிற கையைச் சோதித்துக்கொண்டே இருக்கும். அதனால் மற்ற இரண்டு பேரும் நவநீதன் மாதிரியே அடிக்கப் பழகினார்கள்.

இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் செய்தார்கள். மெஹருன்னிசா அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல் அவன் விரல்களைப் படித்தாள். அழிக்க வேண்டியது ஒரு எழுத்தானாலும் இரண்டு தடவை தட்டுவான், அடைப்புக்குறிக்கு முன்னால் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு ஒரு கணம் நிற்பான், வேகமாகப் போகும்போது இடதுகை கொஞ்சம் முந்தும். இதெல்லாம் அவனுக்கே தெரியாத சங்கதிகள். ஜெரால்டு ஐம்பதைத் தாண்டியவர், தேவாலயப் பாடகர் குழுவில் ஆர்கன் வாசிப்பவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டே பிடித்துவிட்டார். திரையின் கீழ் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை உண்டு. கை பொருந்தினால் பச்சை, சந்தேகம் வந்தால் மஞ்சள், அந்நியர் என்றால் சிவப்பு. யார் உட்கார்ந்தாலும் பச்சை என்றான அன்று திருமூர்த்தி எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த டெஸ்க்டாப்பை யாரும் மூடியதே இல்லை. ஒருவர் எழுந்தால் அடுத்தவர் அப்படியே உட்காருவார். எழுந்து போகிறவர் கடைசி வரியைப் பாதியில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். வருகிறவர் யோசிக்காமல் மீதியை அடித்தால் கை தானாகச் சூடுபிடித்துவிடும். வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்த இங்க்ரிட் என்ற பெண்மணி எழுத்தில் மட்டும் பேசுவார். "நவநீதன், இருமல் தேவலையா? உங்கள் பிரியாணிக் குறிப்பு அருமை" என்று எழுதுவார். இருமல் ஜெரால்டுடையது, பிரியாணி மெஹருன்னிசாவுடையது. நவநீதனுக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. இதற்கிடையில் திருமூர்த்தி அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்து, மற்ற வாடிக்கையாளர்களோடு பேசும் பொறுப்பையும் தலையில் கட்டினார். மதிய முறையில் பாதியை மற்ற இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். டெஸ்க்டாப்பில் அவன் உட்காருவது குறைந்தது.

இன்ஹேலர் கிடைக்காமல் அவன் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது திருமூர்த்தி மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழம டெஸ்க்டாப் குடுத்தவங்க ஒரு சோதனை வெக்கறாங்க" என்றார். "ஒரு பக்கம் அடிச்சுக் காட்டோணுமாமா. அந்தக் கைய டெஸ்க்டாப்போட பூட்டிருவாங்க. அப்பறம் வேற யாரு தொட்டாலும் செவப்பு. பாவனை கீவனை ஒண்ணும் நடக்காது. நவநீதன் உக்காந்தர்றான், அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல. உங்க ரெண்டு பேத்துக்கும்..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று மூவருக்கும் தெரியும். மெஹருன்னிசா நவநீதனைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் கேட்டாள். "என்னங்ணா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? இதுக்கா, வேற எதுக்காச்சுமா?"

மருந்துக் கடையில் நடந்ததைச் சொன்னான். அவள் ஆச்சரியப்படவில்லை. அது அவனைப் பயமுறுத்தியது.

"வாங்க" என்று டெஸ்க்டாப்புக்குக் கூட்டிப்போனாள். "நீங்க உக்காந்து ரெண்டு வரி அடிங்க. கீழ பட்டையப் பாத்துக்கிட்டே அடிங்க."

அடித்தான். பட்டை மஞ்சளாக இருந்தது. விளிம்பில் சிவப்பு எட்டிப் பார்த்தது. அவள் உட்கார்ந்து அடித்ததும் கரும்பச்சையாகிவிட்டது.

"எனக்கு ஆறு மாசமாவே சந்தேகந்தானுங்" என்றாள். "டெஸ்க்டாப் தெனமும் கத்துக்குது இல்லீங்களா? அது கத்துக்கிட்டதத்தான் கைமையத்துக்கும் அனுப்புது. ரெண்டு வருஷமா அதுல அதிகமா அடிச்சது நாங்க ரெண்டு பேருந்தான்."

"நீங்க என்னைய மாதிரிதானே அடிச்சீங்க?"

"நீங்க அப்ப அடிச்ச மாதிரி அடிச்சோமுங். ஒரு விரல் தப்புனா வேல போயிருமேன்னு பயந்து பயந்து, அப்படியே காப்பாத்தி வெச்சிருக்கறோம். நீங்க எதுக்குப் பயப்படோணும்? உங்க கை, உங்க இஷ்டத்துக்கு மாறிப்போச்சு. முன்னெல்லாம் ரெண்டு தடவ அழிப்பீங்க, இப்ப ஒரு தடவதான் அழிக்கறீங்க. சுண்டுவெரலத் தூக்கறதே இல்ல."

நவநீதன் தன் சுண்டுவிரலைப் பார்த்தான். அது பாட்டுக்கு இருந்தது.

"மையத்துல போய்ப் புதுப்பிச்சுக்கறேன்."

"போகாதீங்ணா. நவநீதனோட கை அங்க நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருக்கு. நீங்க யாருன்னு கேப்பாங்க."

அவனால் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தான், தண்ணீர் குடித்தான், மறுபடி நடந்தான். மகளிடம் இருந்த பழைய இன்ஹேலர் இன்றோடு தீர்ந்துவிடும் என்ற ஞாபகம் வந்தது. அவன் கேட்கவில்லை. மெஹருன்னிசாவே கைப்பையை எடுத்துக்கொண்டு, "வாங்க, அத வாங்கிக்கிட்டு வந்தர்லாம்" என்றாள்.

கடையில் அவள் எந்திரத்தின் முன்னால் நின்று ஒரு வரி அடித்தாள். "வணக்கம், நவநீதன்" என்றது எந்திரம். இன்ஹேலர் தட்டில் விழுந்தது. கடைக்காரர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். கை சரியாக இருந்தால் ஆளைக் கேட்கக் கூடாது என்பது சட்டம், அதனால் கேட்கவில்லை.

மருந்து கையில் கிடைத்த நிம்மதிக்கு அடியிலேயே அவனுக்கு இன்னொன்று உறைத்தது. இவளால் தன் வங்கிக் கணக்கைத் திறக்க முடியும். தன் வீட்டுக் கதவைத் திறக்க முடியும். அவள் திறக்க மாட்டாள், அது வேறு விஷயம்.

திரும்பி நடக்கும்போது கேட்டான். "உன்னோட கைக்கு இப்படி ஆகலையா? உனக்குன்னு ஒண்ணு பதிவாயிருக்குமே?"

அவள் நின்றுவிட்டாள்.

"எனக்கு அது போயி ரெண்டு வருஷம் ஆச்சுங்ணா."

"போயின்னா?"

"ரெண்டு கை வெச்சுக்க முடியாதுங். மொதல்ல வூட்ல என்ற மாதிரி, இங்க உங்க மாதிரின்னு அடிச்சுப் பாத்தேன். கொளம்பிருச்சு, இங்க மஞ்சள் அடிச்சிருச்சு. அப்பறம் விட்டுட்டேன். தூக்கத்துலயும் உங்க மாதிரிதான் தட்டறேன்னு எங்க வூட்டுக்காரரு சொல்றாரு. என்ற சம்பளம் என்ற கணக்குலதான் விழுது. அதத் தொறக்க என்னால முடியாது. அவரக் குடும்பத் தலைவர்னு எழுதிக் குடுத்து, அவரு கையாலதான் எடுக்கறோம். பஸ் பாஸ் எடுக்கறதுன்னாக்கூட அவரத்தான் கேக்கோணும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்கவில்லை என்பதைக் கேட்கவில்லை என்றே சொன்னாள். அவன் கூனிக் குறுகிப்போனான். இரண்டு வருடம் ஜிலேபி தின்றுகொண்டு பச்சைப் பட்டையைப் பார்த்திருக்கிறான்.

"இந்த வேல போனா ஒரு நல்லதுங்ணா" என்றாள் நடந்துகொண்டே. "கையத் திருப்பிக் கொண்டு வர்றதுக்குப் பயிற்சிக் கிளாசு இருக்குதாமா. ஒரு வருஷம் ஆகுமாமா. மறுபடியும் என்ற பேருக்கு ஒரு கதவு தொறந்தாப் போதும்."

வெள்ளிக்கிழமை வரைக்கும் நவநீதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டெஸ்க்டாப்பில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பழகினான். மெஹருன்னிசா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப நில்லுங்க. சுண்டுவெரலத் தூக்குங்க. அவ்வளவு இல்லீங், கொஞ்சமா. இப்ப அடிங்க."

"நான் எப்படி அடிப்பேன்னு எனக்கே நீ சொல்லித் தர வேண்டியிருக்கு!"

"நான் கத்துக்கிட்டப்பவும் இப்படித்தான் எரிச்சலா வந்துச்சு" என்று சிரித்தாள். "ரெண்டு தடவ அழிங்க."

வீட்டில் சாப்பாட்டு மேசையைத் தட்டினான். பைக்கில் சிக்னலில் நிற்கும்போது டேங்க்கைத் தட்டினான். நினைத்துச் செய்தால் கை விறைத்தது, நினைக்காமல் விட்டால் இப்போதைய கை வந்துவிட்டது. பட்டை ஒரு தடவைகூடப் பச்சைக்குப் போகவில்லை. கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. தன்னைத் தன்னிடமிருந்து எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிற பெண்மேலா?

வியாழக்கிழமை ஜெரால்டு தன் தேநீர்க் கோப்பையைக் கழுவிப் பைக்குள் வைத்தார்.

"நான் கெளம்பறேன் தம்பி. நாளைக்கு இருந்து என்ன பண்ணப்போறேன்?"

"அண்ணா, திருமூர்த்தி சார்கிட்ட நான் பேசறேன். வேற ஏதாவது வேலை..."

"வேண்டாம் தம்பி. வேலைக்காகப் போகல. ஞாயித்துக்கெழம ஆராதனைல வாசிக்கறப்ப, பாட்டு நடுவுல ஒரு எடத்துல நின்னு நின்னு போறேன். கொயர்ல எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. அது உன்னோட நிப்பு. அடைப்புக்குறிக்கு முன்னால நிப்பியே, அது." அவர் அவன் தோளைத் தட்டினார். "தப்பா நெனச்சுக்காத. எனக்கு என்னோட பாட்டு வேணும்."

அவர் போனதைப் பார்த்துக்கொண்டு நவநீதன் வெகுநேரம் படிக்கட்டில் நின்றான். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அந்த நினைப்பு வந்தபோது அவர் பஸ் ஏறியிருந்தார்.

வெள்ளிக்கிழமை சோதனை. திருமூர்த்தி அறைக் கதவைச் சாத்திவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார். மெஹருன்னிசா சுவரோரமாக நின்றாள். திரையில் ஒரு பக்கம் வந்தது, அதைப் பார்த்து அடிக்க வேண்டும். ஒரு கைக்கு ஒரே ஒரு வாய்ப்பு.

நவநீதன் ஆரம்பித்தான். மஞ்சள். நின்றான், சுண்டுவிரலைத் தூக்கினான். மஞ்சள். இரண்டு தடவை அழித்தான், பதற்றத்தில் மூன்றாகிவிட்டது. பக்கத்தின் பாதியைத் தாண்டும்போது பட்டை சிவந்தது. "மன்னிக்கவும், இது நவநீதனின் இடம். தயவுசெய்து எழுந்துகொள்ளவும்" என்றது திரை.

"என்ன கண்ணு இது?" திருமூர்த்தியின் குரல் உடைந்துவிட்டது. "உன்ற கை தானே? உன்ற பேரு தானே?"

நவநீதன் எழுந்தான். டெஸ்க்டாப் உரிய ஆளைக் கூப்பிட்டு, அவர் வந்து உட்காரக் கெடு வைத்து நிமிடங்களை எண்ண ஆரம்பித்தது. திருமூர்த்தி திரும்பினார்.

"மெஹரு, உக்காரு. கம்பெனியே முழுகிரும், உக்காரும்மா!"

அவள் நவநீதனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். அவள் உட்கார்ந்து அடித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கரும்பச்சை. "வணக்கம், நவநீதன். உங்கள் கை பூட்டப்பட்டது" என்றது திரை. திருமூர்த்தி நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

ஆனால் அதோடு முடியவில்லை. அடுத்த செய்தி வந்தது. "சற்று முன் உங்கள் இடத்தில் வேறொருவர் அமர்ந்தார். அவரைத் தெரியுமா? தெரியாது என்றால் அந்தக் கை கைமையத்தில் திருட்டுக் கையாகப் பதியப்படும். தெரியும் என்றால் பெயரைக் கொடுக்கவும். தவறுதலாகத் தொட்டதாக எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் கையைச் சேர்த்துவிடுவோம்."

"தெரியாதுன்னு போட்டு முடிச்சு விடும்மா" என்றார் திருமூர்த்தி.

"திருட்டுக் கைன்னு போயிருச்சுன்னா இவரு சாகற வரைக்கும் ஒரு கதவத் தொறக்க முடியாதுங் சார்."

அவள் 'தெரியும்' என்பதைத் தொட்டாள். பெயர் கேட்ட கட்டத்தில் நவநீதன் என்று அடித்தாள்.

"அது உங்கள் பெயர்" என்றது திரை. "அவருடைய பெயரைக் கொடுக்கவும்."

கட்டத்தில் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னியது.

"ஜெரால்டுன்னு போடு" என்றார் திருமூர்த்தி.

"அவரு அவரோட கையத் தேடிக்கிட்டுப் போயிருக்காருங் சார். அவரு பேர எப்படிப் போடறது?" அவள் கொஞ்ச நேரம் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நவநீதனிடம் திரும்பினாள். "என்ற பேரு சும்மாதானுங் கெடக்குது. இனிமே நான் உங்க கையிலதான் அடிச்சாகோணும். எனக்கு அது எதுக்கு?"

'மறுபடியும் என்ற பேருக்கு ஒரு கதவு தொறந்தாப் போதும்' என்று அவள் சொன்னது அவன் காதிலேயே இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. வீட்டு வாசலில் காலம் முழுக்க நிற்பது கண்முன் வந்தது, மருந்துக் கடைத் தட்டு வந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை.

"பொம்பளப் பேருப்பா" என்றார் திருமூர்த்தி.

"அதுக்கு மூஞ்சி தெரியாதுங் சார்" என்றாள் அவள்.

அவள் தன் பெயரை அடித்தாள். அவனுடைய பழைய கையில், நிற்க வேண்டிய இடத்தில் நின்று, ஒரு பிழை வந்தபோது இரண்டு தடவை அழித்து அடித்தாள்.

உறுதி செய்ய அந்த நபர் ஒரு வரி அடிக்க வேண்டும் என்றது திரை. அவள் எழுந்து இடம் விட்டாள். நவநீதன் உட்கார்ந்தான். எதையும் யோசிக்கவில்லை, சுண்டுவிரலைத் தூக்கவில்லை. மகளின் பெயரையும் அவள் பள்ளிக்கூடத்தின் பெயரையும் கைபோன போக்கில் அடித்தான். பட்டை உடனே பச்சையானது.

"வணக்கம், மெஹருன்னிசா. நீண்ட நாட்களுக்குப் பிறகு உங்களைப் பார்ப்பதில் மகிழ்ச்சி. உங்கள் கணக்குகள் அனைத்தும் மீண்டும் திறக்கப்பட்டன."

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு எந்திரம் அவன் கையை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே திரும்பினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. திரையில் தனக்குச் சொல்லப்பட்ட வணக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.